எஜமானின் கையை நோக்கிய கண்கள்



இந்த மாதம் ஒரு பெரிய தேவமனிதனுடைய வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஆனால் எங்க வீட்டு நாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சிரிக்காதீங்க. கழுதையின் வாயைத் திறந்து ஒரு தீர்க்கதரிசிக்குப் புத்தி சொன்ன தேவன், நாயைக் கொண்டு ஒரு பாஸ்டருக்குப் புத்தி சொல்லக் கூடாதா?

என் தம்பியைப் பற்றி நம்ம சபையில் பலருக்குத் தெரியும். குடி. அவன் விடுதலைக்காகப் பதினொரு வருஷம் ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். இரா ஜெபங்களில் அவன் பேரைச் சொல்லிக் கதறினேன். அவன் மாறவில்லை. எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் குடும்ப ஜெபம் முடிந்ததும் என் மனைவி மெதுவாக, என்னங்க, இப்பல்லாம் தம்பி பேரைச் சொல்றதே இல்லையே என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. சபையில் விடாமல் ஜெபியுங்கள் என்று பிரசங்கம் பண்ணுகிறவன் நான். வீட்டில் விட்டுவிட்டேன்.

அந்த வாரமே ஒரு இராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். என் மகன் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த டாமி வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்தது. என் தட்டில் ஒரு மீன் துண்டு. அதன் கண் அந்தத் துண்டைவிட்டு நகரவில்லை. கை வாய்க்குப் போனால் கண்ணும் கூடவே போகிறது. கை தட்டுக்கு வந்தால் கண்ணும் வருகிறது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். வேற நேரமாயிருந்தால் குரைத்துக்கொண்டு ஓடும். அன்றைக்குக் காதுகூட அசையவில்லை. போடா என்று அதட்டினேன். ரெண்டு அடி பின்னால் போய் மறுபடி உட்கார்ந்து, அதே பார்வை.

அப்போதுதான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் சபைச் சரித்திர வகுப்பில் கேட்ட ஒரு சம்பவம் என் உள்ளத்தில் அடித்தாற்போல ஞாபகம் வந்தது. பழைய நோட்டைத் தேடி எடுத்து மார்ட்டின் லூத்தருடைய வாழ்க்கையைத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தேன். பல நாள் அதை வைத்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ரொட்டித் துண்டுக்காகப் பாடிய பையன்

லூத்தர் 1483 நவம்பர் 10ஆம் தேதி ஜெர்மனியிலுள்ள ஐஸ்லேபன் ஊரில் பிறந்தார். தகப்பன் ஹான்ஸ் செம்புச் சுரங்கத் தொழிலில் பாடுபட்டு முன்னுக்கு வந்தவர். மகனை வக்கீலாக்க வேண்டும் என்று அவருக்குப் பெரிய ஆசை. படிப்புக்காக ஐசனாக் என்ற ஊருக்கு அனுப்பினார். அந்தக் காலத்து மாணவர்கள் வீட்டு வாசல்களில் நின்று பாட்டுப் பாடி ரொட்டித் துண்டுகளை வாங்கிச் சாப்பிடுவார்கள். லூத்தரும் அப்படியே வாசல் வாசலாய்ப் பாடினார். துண்டுகளைப் பொறுக்கித் தின்ற மாணவன் நான் என்று பெரியவரான பிறகும் வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

1501ல் எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1505ல் எம்.ஏ. முடித்தார். அந்த வருஷம் ஜூலை 2ஆம் தேதி ஊரிலிருந்து எர்ஃபர்ட்டுக்குத் திரும்பும் வழியில் பயங்கரமான இடிமழை. பக்கத்தில் இடி விழுந்தது. மரண பயத்தில், உயிர் தப்பினால் துறவியாவேன் என்று பொருத்தனை பண்ணினார். அதை மறக்கவில்லை. ஜூலை 17ஆம் தேதியே அகஸ்தீனிய மடத்தின் கதவைத் தட்டினார். தகப்பனுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

எண்ணிக்கை இருந்தது, சமாதானம் இல்லை

மடத்தில் ஜெபத்துக்குக் குறைவே இல்லை. இராவும் பகலும் மணி அடிக்கும். ஒவ்வொரு வேளைக்கும் குறித்த சங்கீதங்கள், குறித்த மன்றாட்டுகள். லூத்தர் அதில் யாருக்கும் பின்தங்கவில்லை. உபவாசம் இருந்தார். குளிரில் கிடந்தார். மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தார். வெளியே வந்தவுடன் இன்னொரு பாவம் ஞாபகம் வர மறுபடி ஓடுவார். 1507ல் குருவானவராகி முதல் ஆராதனையை நடத்தினபோது தேவனுக்கு முன்பாக நிற்கும் பயத்தில் நடுங்கிப்போனார்.

பிறகு பேராசிரியராகி வேலை அதிகமானபோது என்ன செய்தார் தெரியுமா? வாரத்தில் சொல்லத் தவறின ஜெபங்களையெல்லாம் சேர்த்து வைப்பார். சனிக்கிழமை அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு, சாப்பாடு தண்ணீர் இல்லாமல், பாக்கியை மொத்தமாகச் சொல்லி முடிப்பார். கடன் கட்டுகிற மாதிரி! கடைசியில் தூக்கம் கெட்டு, தலை சுற்றி, உடம்பு விழுந்தது. பாக்கியோ ஏறிக்கொண்டே போனது. 1520 வாக்கில் அந்த முறையையே விட்டுவிட்டார்.

பிரியமானவர்களே, இது நமக்கும் ஒரு எச்சரிப்பு. அரை மணி ஜெபித்தேன், ஒரு மணி ஜெபித்தேன், நாற்பது நாள் முடித்தேன் என்று நாமும் கணக்கு வைக்கிறோமே. ஜெபத்தில் உறுதியாய் நிற்பது என்றால் கணக்கை ஏற்றுவது இல்லை. லூத்தர் மடத்தில் ஜெபத்தின் எண்ணிக்கையைப் பார்த்தார், எஜமானின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தார். ஏனென்றால் அவருக்குத் தெரிந்த தேவன், கையில் கோலோடு நிற்கிற நியாயாதிபதி மட்டுமே.

கதவு திறந்தது

1512ல் வேத டாக்டர் பட்டம் பெற்று விட்டன்பர்க்கில் வேதத்தைப் போதிக்கத் தொடங்கினார். சங்கீதங்கள், பிறகு ரோமர், கலாத்தியர். ரோமர் முதலாம் அதிகாரத்தில் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பதைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார். அதன் அர்த்தம் என்ன என்று பவுலை விடாமல் தட்டினதாக அவரே பின்னாட்களில் எழுதினார். இராவும் பகலும் தியானித்தபோது தேவன் இரக்கம் பாராட்டினார். தேவநீதி என்பது நாம் கொண்டுபோய்க் கட்டுகிற கட்டணம் இல்லை, கிறிஸ்துவுக்குள் அவர் இலவசமாகக் கொடுக்கிற ஈவு என்று கண்டார். பரதீசின் வாசலே தனக்குத் திறந்ததுபோல இருந்ததாம்.

இலவசமாய்க் கிடைத்த மன்னிப்பைக் காசுக்கு விற்பதைப் பார்த்து அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 1517 அக்டோபர் 31ல் 95 வாக்கியங்களை எழுதி பேராயருக்கு அனுப்பினார். விட்டன்பர்க் ஆலயக் கதவிலும் அவற்றை ஆணியடித்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுகிற செய்தி. அதற்குப் பின் நடந்ததெல்லாம் உலகறிந்த சரித்திரம். 1521 ஜனவரி 3ல் போப்பு அவரைச் சபையிலிருந்து விலக்கினார். ஏப்ரல் மாதம் வோம்ஸ் நகரில் பேரரசனுக்கு முன் நிறுத்தப்பட்டார். எழுதினதை மறுக்கிறாயா என்று கேட்டபோது முதல் நாள் அவர் துணிகரமாய்ப் பதில் சொல்லவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டார். ஒரு நாள் கிடைத்தது. மறுநாள், ஏப்ரல் 18ஆம் தேதி, தேவவார்த்தைக்குக் கட்டுப்பட்ட மனச்சாட்சியை மாற்ற முடியாது என்று நின்றார். அந்த ஒரு நாள் இடைவெளி எனக்குப் பிடிக்கும். பெரிய வீரனுக்கும் கால் நடுங்கிய ஒரு இராத்திரி உண்டு!

வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தபோது ஏறக்குறைய 11 வாரத்தில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அது 1522 செப்டம்பரில் அச்சானது. முழு வேதாகமம் 1534ல் வந்தது. பகலில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறவன் நான். 11 வாரம் என்று படிக்கும்போது எனக்குத் தலை சுற்றுகிறது. அவருடைய வழியில் வந்த சீகன்பால்க் 1706 ஜூலை 9ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அந்த நன்றிக்கடன் நமக்கும் உண்டு.

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிரசங்கி

1525 ஜூன் 13ல் லூத்தர் கத்தரீனாவைத் திருமணம் செய்தார். அந்த அம்மாள் கன்னிமடத்திலிருந்து தப்பி வந்தவர். பழைய மடத்தின் கட்டடமே அவர்களுக்கு வீடானது. ஆறு பிள்ளைகள், அநாதையான உறவுக்காரப் பிள்ளைகள், தங்கிப் படிக்கிற மாணவர்கள், வந்து போகிற விருந்தாளிகள். சாப்பாட்டு மேஜையில் எப்போதும் கூட்டம். லூத்தர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதை மாணவர்கள் ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் எழுதுவார்கள் போல! அந்தக் குறிப்புகள்தான் பிற்பாடு மேஜைப் பேச்சு என்ற புத்தகமாயிற்று.

அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தது. பெயர் டோல்பெல். அவர்கள் பாஷையில் அசட்டுப்பயல் என்று அர்த்தம். 1532 மே மாதம் ஒருநாள் எல்லாரும் சாப்பிடுகையில் அது வந்து லூத்தரின் கையிலுள்ள இறைச்சித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருக்க, கண் அசையவில்லை. லூத்தர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். இந்த நாய் இறைச்சியைப் பார்க்கிற மாதிரி எனக்கு ஜெபிக்கத் தெரிந்தால் எவ்வளவு நலமாயிருக்கும் என்று ஏக்கத்தோடு சொன்னாராம். அதன் நினைவெல்லாம் அந்த ஒரு துண்டின்மேல்தான், வேறு எண்ணமோ விருப்பமோ நம்பிக்கையோ அதற்கு இல்லை என்றாராம்.

தேவ ஜனமே, இதைச் சொன்னது யார் என்று கவனியுங்கள். நேற்று மனந்திரும்பின விசுவாசி அல்ல. பேரரசனுக்கு முன் நின்றவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், 1530ல், கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது ஒவ்வொரு நாளும் குறைந்தது மூன்று மணி நேரம், அதுவும் படிப்புக்கு மிகவும் உகந்த நேரத்தையே, அவர் ஜெபத்துக்குக் கொடுத்தார் என்று கூடவே இருந்த ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த நாட்களில்தான் தகப்பன் இறந்த செய்தியும் வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதார். அப்பேர்ப்பட்ட ஜெபவீரன், தன் ஜெபம் ஒரு நாயின் பார்வைக்குச் சமமாக இல்லையே என்கிறார். அப்போ நம்ம நிலைமை என்ன?

நாவிதருக்கு எழுதின புத்தகம்

லூத்தருக்கு முடி வெட்டுகிறவர் பேர் பீட்டர். பழைய சிநேகிதர். எப்படி ஜெபிக்கிறது, எனக்கு எளிமையாச் சொல்லிக் கொடுங்க ஐயா என்று அவர் கேட்டார். வேத டாக்டர் அதற்காக ஒரு சின்னப் புத்தகமே எழுதி 1535ல் அச்சிட்டார். காலையில் முதல் வேலையும் இராத்திரியில் கடைசி வேலையும் ஜெபமாயிருக்கட்டும் என்றார். கொஞ்சம் பொறு, ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், இந்த ஒரு வேலையை முடித்துக்கொள் என்று வரும் எண்ணத்துக்கு ஜாக்கிரதை, அதில் ஏமாந்தால் அன்றைய ஜெபமே போய்விடும் என்றார். பத்துக் கற்பனைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, முதலில் போதனை, அடுத்து நன்றி, பிறகு பாவ அறிக்கை, கடைசியாக மன்றாட்டு என்று நான்கு புரியாய்ப் பின்னச் சொன்னார். அப்படி ஜெபிக்கும்போது ஆவியானவர் உள்ளத்தில் பேசத் தொடங்கினால் நம்ம வார்த்தைகளை நிறுத்திவிட்டு அமைதியாய்க் கேட்க வேண்டும், அவர் பேசும் ஒரு வார்த்தை நம் ஆயிரம் ஜெபத்துக்கு மேல் என்கிறார். அல்லேலூயா!

அதே புத்தகத்தில் பீட்டருடைய தொழிலையே உதாரணமாய் எடுத்தார். நல்ல நாவிதன் கத்தியிலும் முடியிலும் கண் வைத்திருப்பான். ஊர்க்கதை பேசி அங்குமிங்கும் பார்த்தால் வாடிக்கைக்காரரின் மூக்கோ கழுத்தோ என்ன ஆகும்? ஒரு சின்ன வேலைக்கே முழு மனசும் வேண்டுமென்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும்! டோல்பெல் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்.

அந்தப் புத்தகம் வந்த கொஞ்ச நாளிலே பீட்டர் ஒரு குடும்ப விருந்தில் குடிவெறியில் தன் மருமகனையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார் என்பதை வாசித்தபோது என் மனம் உடைந்தது. லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசினதால் மரண தண்டனை தப்பியது. ஆனால் ஊரைவிட்டே துரத்தப்பட்டார். ஜெபத்தைப் பற்றிய நல்ல புத்தகம் கையில் இருப்பது வேறு, ஜெபத்தில் விழித்திருப்பது வேறு. குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை வாசித்த இராத்திரி என் தம்பியை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

நாயின் பங்கைக் கேட்ட தாய்

மத்தேயு 15ஆம் அதிகாரத்திலுள்ள கானானிய ஸ்திரீயை நமக்குத் தெரியும். லூத்தருடைய 1525ஆம் வருஷத்துப் பிரசங்கங்களில் அந்தப் பகுதியைப் பற்றியும் ஒன்று உண்டு. அந்தத் தாய்க்கு மூன்று அடி விழுந்தது என்று காட்டுகிறார். முதலில் இயேசு பதிலே பேசவில்லை. அடுத்து, தாம் இஸ்ரவேல் வீட்டாருக்காகவே அனுப்பப்பட்டதாகச் சொன்னார். மூன்றாவது, பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்றார். நம்மில் ஒருவராயிருந்தால் முதல் அடியிலேயே சபை மாறியிருப்போம்!

அவளோ அந்தப் பேரையே பிடித்துக்கொண்டாள். நான் நாய்தான் ஆண்டவரே, அப்படின்னா நாய்க்குரிய பங்கைத் தாங்க என்று நின்றாள். ஆண்டவரை அவருடைய சொந்த வார்த்தையிலேயே பிடித்துக்கொண்டாள் என்கிறார் லூத்தர். அவர் சொன்ன ஒவ்வொரு இல்லைக்கும் அடியில் ஒரு ஆம் மறைந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரிகிற இல்லையைப் பார்க்காமல், மறைந்திருக்கிற ஆம் என்பதை விசுவாசம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் போதனை. மூல பாஷையில் அங்கே வருகிற வார்த்தை வீட்டுக்குள் வளர்கிற நாய்க்குட்டியைக் குறிக்கும். தெருநாய் அல்ல. மேஜைக்குக் கீழே அதற்கு இடம் உண்டு!

ஒருவர் பிழைத்தார், ஒருத்தி மரித்தாள்

1540ல் லூத்தரின் உடன் ஊழியர் மெலாங்தன் மனவேதனையால் வெய்மார் நகரில் சாகக் கிடந்தார். லூத்தர் வந்து பார்த்தபோது கண் மங்கி, பேச்சு நின்று, ஆளே அடையாளம் தெரியவில்லை. லூத்தர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஜெபித்தார். ஜெபத்தைக் கேட்பதாக வேதத்தில் தேவன் கொடுத்த வாக்குத்தத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாய் அவருக்கே எடுத்துச் சொல்லி மன்றாடினார். மெலாங்தன் எழும்பினார், 1560 வரை உயிரோடிருந்தார். மைக்கோனியஸ் என்ற இன்னொரு ஊழியர் கடும் வியாதியில் சாவை எதிர்பார்த்துக் கிடந்தார். எனக்கு முன்னால் நீர் போகக் கூடாது, அதற்காகவே ஜெபிக்கிறேன் என்று 1541ல் லூத்தர் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்த மனுஷன் பிழைத்தார். லூத்தர் மரித்து ஏழு வாரம் கழித்துத்தான் அவரும் போனார்.

இதோடு நிறுத்திவிட்டால் நல்ல சாட்சி. ஆனால் 1542ஐயும் நான் சொல்ல வேண்டும். அதே லூத்தரின் மகள் மக்தலேனாளுக்கு வயது 13. வியாதிப்பட்டாள். தகப்பன் கட்டிலருகே முழங்காலில் நின்று அழுது ஜெபித்தார். செப்டம்பர் 20ஆம் தேதி அவர் கைகளிலேயே பிள்ளை உயிர் பிரிந்தது. அதற்கு முன் 1528ல் எலிசபெத் என்ற கைக்குழந்தையையும் அவர் பறிகொடுத்திருந்தார்.

ஜெபித்தது ஒரே மனுஷன்தான். விசுவாசமும் அதேதான். சிநேகிதன் பிழைத்தான், மகள் மரித்தாள். ஏன்? பிரியமானவர்களே, இதற்கு நான் சுலபமான பதில் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் நம்ம சபையில் இருக்கிறார்கள். விசுவாசம் குறைஞ்சதாலதான் என்று அவர்களிடம் சொல்வது பாவம். லூத்தர் தன் துக்கத்தை மறைக்கவில்லை. மகள் பரலோகத்தில் சமாதானமாயிருக்கிறாள் என்று அறிந்தும் இவ்வளவு துக்கமாயிருக்கிறதே என்று வெளிப்படையாய்ச் சொன்னார். ஆனால் மேஜையைவிட்டு எழுந்து போகவில்லை. அதன் பிறகும் ஜெபித்தார், பிரசங்கித்தார், மற்றவர்களுக்காகத் திறப்பிலே நின்றார்.

இங்கேதான் டாமியிடம் நான் இன்னொன்றைக் கவனித்தேன். சில இராத்திரி ஒன்றும் கிடைக்காது. முள் ஆகாது என்று நாங்களே கொடுக்க மாட்டோம். அது என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்குப் போகாது. என் காலடியில் படுத்துக்கொள்ளும். மறுநாள் இராத்திரி அதே இடத்தில் அதே கண்ணோடு வந்து உட்காரும். நேற்றுக் கொடுக்கலையே என்ற கோபம் அந்தக் கண்ணில் கிடையாது. துண்டின்மேல் அதற்கு ஆசை, ஆனால் நம்பிக்கை கையின்மேல். வேலைக்காரரின் கண்கள் எஜமானின் கையை நோக்குவதுபோல என்று 123ஆம் சங்கீதத்தில் வருகிற உவமையின் அர்த்தம் எனக்கு அந்த நாயால்தான் விளங்கியது.

கடைசிக் காகிதம்

லூத்தர் குறையில்லாதவர் அல்ல. அவர் கோபக்காரர். 1525ல் விவசாயிகளுக்கு விரோதமாகவும், 1543ல் யூதருக்கு விரோதமாகவும் அவர் எழுதினவை கொடுமையானவை. அவற்றால் விளைந்த தீமை பெரிது. அதை நாம் நியாயப்படுத்தக் கூடாது. ஞானஸ்நானக் காரியத்திலும் நமக்கும் அவருக்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் தேவன் தம் இரக்கத்தினாலே உபயோகித்த பாத்திரம்.

1546 ஜனவரியில், உடம்பு சரியில்லாத நிலையிலும், சண்டையிட்டுக்கொண்ட பிரபுக்களைச் சமாதானப்படுத்தத் தன் பிறந்த ஊராகிய ஐஸ்லேபனுக்குப் போனார். வேலை முடிந்தது. பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலையில், பிறந்த ஊரிலேயே, 62ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் கடைசியாக எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. எத்தனை வருஷம் ஊழியம் செய்தாலும் வேதத்தைப் போதுமான அளவு ருசித்துவிட்டதாக ஒருவனும் நினைக்க வேண்டாம் என்று எழுதி, நாமெல்லாரும் பிச்சைக்காரரே, அது உண்மை என்று முடித்திருந்தார்.

ரொட்டித் துண்டுக்காக வாசலில் பாடிய பையன், ஐரோப்பாவையே அசைத்த டாக்டர், கடைசியில் அதே வாசலில்தான் நிற்கிறார். ஆனால் இப்போது பயமில்லை. உள்ளே இருக்கிறது யார் என்று அவருக்குத் தெரியும்.

நமக்கு என்ன?

1. கண்ணைத் திருப்பாதீர்கள். முழங்காலில் இருக்கும்போது கடை பாக்கி, நாளைய சமையல், செல்போன் சத்தம் எல்லாம் வரும். விரட்டிவிட்டுத் திரும்பக் கண்ணை ஆண்டவர்மேல் வையுங்கள். பத்துத் தடவை போனால் பத்துத் தடவை திரும்புங்கள்.

2. தாமதத்தை மறுப்பு என்று எண்ணாதீர்கள். லூக்கா 18ல் அந்த விதவை அநீதியுள்ள நியாயாதிபதியிடமே விடாமல் போய் வென்றாள். நமக்கோ இருக்கிறவர் பிதா.

3. கிடைக்காத இரவிலும் காலடியை விட்டுப் போகாதீர்கள். வேற மேஜை நமக்கு இல்லை.

4. விட்டுப்போன பேர்களைத் திரும்ப எழுதுங்கள். உங்கள் பழைய ஜெபக் குறிப்பை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். எந்தப் பேர் மெதுவாய் மறைந்துபோனது? கணவனா? மகனா? அண்ணனா?

என் தம்பி இன்னும் குடிக்கிறான். போன ஞாயிறுகூட அப்படித்தான் வந்தான். அவன் விடுதலையின் சாட்சியை இந்தப் பக்கத்தில் எழுதுகிற நாள் வரும் என்று விசுவாசிக்கிறேன், ஆனால் இன்றைக்கு எழுத முடியாது. ஒன்று மட்டும் எழுதலாம். அன்று இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஜெபக் குறிப்பேட்டை எடுத்து அவன் பேரை மறுபடி எழுதினேன். குடும்ப ஜெபத்தில் சத்தமாய்ச் சொன்னேன். என் மனைவி ஆமென் என்று சொல்லி அழுதாள். பன்னிரண்டாம் வருஷம் ஆரம்பித்திருக்கிறது.

தகப்பனே, உம்முடைய மேஜையின் துணிக்கையே எங்களுக்குப் போதும். ஆனால் நீரோ உம் குமாரனுக்குள் எங்களைப் பிள்ளைகளாக்கிப் பந்தியிலேயே உட்கார வைத்தீர். சோர்ந்துபோன உம் ஜனத்தின் கண்களை உம்முடைய கையின்மேல் திருப்பும். விட்டுப்போன ஜெபங்களை இன்றைக்கு உயிர்ப்பியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.